கடிதங்களில் இல்லாத கால்

பரமட்டா நீதிமன்றக் கட்டடத்தின் லிஃப்டில் இன்று காலை யாரோ கால்வலித் தைலம் பூசிக்கொண்டு ஏறியிருந்தார்கள். கதவு மூடியதும் கற்பூரமும் யூக்கலிப்டசும் கலந்த அந்த வாசனை எழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், அங்கிள். ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் இரண்டு பொலிஸ்காரரும்தான் நின்றார்கள். நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இறங்க வேண்டிய மாடியில் இறங்க மறந்து, மேலே போய்த் திரும்பி வந்தேன்.

நான் இப்போது காப்புறுதிக் கம்பனியில் இல்லை. புள்ளிவிபரம் படித்த எங்கள் வீட்டு முதல் பட்டதாரி நான். நீதிமன்றக் கட்டடங்களுக்குள் கோப்புகளைச் சுமந்துகொண்டு திரிவேன் என்று அம்மாவோ நானோ நினைத்ததில்லை. ஒரு சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்கிறேன். மாலையில் சட்டம் படிக்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்க இன்னும் கை உயர்த்துவதில்லை. ஆனால் தண்டனை பற்றிய பாடம் வந்தபோது எனக்குக் குறிப்பு எடுக்கத் தேவைப்படவில்லை. அந்தப் பாடத்தை நான் உங்களோடு இருந்து ஏற்கெனவே படித்துவிட்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவர் நீங்கள் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், குளிர்காலத்து விடியற்காலையில், நீங்கள் வீதியைக் கடந்துகொண்டிருந்தீர்கள். அண்ணா பேக்கரி வான் வண்டியில் பாண் ரொட்டி கொண்டு வந்தார். கைத்தொலைபேசி அடித்தது. முதலாளி. அண்ணா எடுத்துப் பார்த்தார். பார்த்து நிமிர்வதற்குள் நீங்கள் வீதியில் கிடந்தீர்கள். உங்கள் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து இதற்கு ‘விபத்து’ என்று பெயர். ‘விபத்து நடந்திட்டுது’ என்றுதான் அம்மா தொலைபேசியில் எல்லோருக்கும் சொன்னார். மழை பெய்த மாதிரி, மின்சாரம் நின்றுபோன மாதிரி.

ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டிப் படுகாயம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டினார்கள். அண்ணா முதல் நாளே ஒப்புக்கொண்டார். முதலிலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் நான்கில் ஒரு பங்கு வரை குறைக்க இடமுண்டு என்று சட்டத்தரணி சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அது போதவில்லை. “முதல் பிழை, ஒப்புக்கொண்டாச்சு, நல்ல குடும்பம். தண்டப்பணத்தோட விட்டிடுவினம்” என்றார்கள். பிறகு நாங்கள் எப்போதும் செய்வதைச் செய்தோம். எல்லோரிடமும் நற்சான்றுக் கடிதம் வாங்கினோம்.

கலியாண வீட்டுக்கு ஆட்கள் சேர்வது போலக் கடிதங்கள் சேர்ந்தன. கோயில் சபையிலிருந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து, அண்ணாவோடு கிரிக்கெட் விளையாடியவர்களிடமிருந்து, அவரை ஒருமுறை மட்டும் பார்த்த ஒரு டொக்டரிடமிருந்தும்கூட. வழக்கு நாள் காலையில்தான் அந்தக் கடிதக் கட்டைச் சட்டத்தரணியிடம் கொடுத்தோம். அவர் அவசரமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிலவற்றை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அம்மா என் காதில், “எல்லாத்தையும் குடுக்கச் சொல்லு. எழுதினவை குறை நினைப்பினம்” என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

நீதவான் ஒரு பெண். நரைத்த முடி, மெல்லிய குரல். எல்லாக் கடிதங்களையும் வாசித்தார். நாங்கள் நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசித்து முடித்துக் கட்டை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, இவற்றை எழுதியவர்களில் எத்தனை பேருக்கு என்ன நடந்தது என்று தெரியும் என்பது தனக்கு விளங்கவில்லை என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் அவரைச் சுற்றியிருப்பவர்கள் இன்னும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை என்றார். பதினைந்து மாதச் சிறை. அதில் ஒன்பது மாதம் முடியும்வரை வெளியே விட முடியாது. அண்ணாவைப் பக்கக் கதவால் கூட்டிப்போனார்கள். அம்மா எழும்பி நின்று, எங்கே போகிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் நான் உங்களைக் கண்டேன். கடைசி வரிசையில், ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் மகள் பக்கத்தில். வென்றவர் முகம் போல உங்கள் முகம் இருக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தீர்கள்.

மேன்முறையீட்டுக்கு வேறு சட்டத்தரணியிடம் போனோம். கிரேக்கப் பெண். சிரிக்காமல் பேசுவார். எனக்கு அவரைப் பிடித்தது. அன்றே மனுப் போட்டு, சில நாட்களில் அண்ணாவைப் பிணையில் எடுத்தார். பிறகு எங்களை இருத்திவைத்து விளங்கப்படுத்தினார். மேன்முறையீடு என்றால் நீதவான் பிழைவிட்டார் என்று முறையிடுவது அல்ல. மாவட்ட நீதிமன்ற நீதிபதி தண்டனையைப் புதிதாக எடைபோடுவார். புதிய சாட்சியமும் கொடுக்கலாம். அவர் குறைக்கலாம். கூட்டவும் கூடும். கூட்டுவதாக நினைத்தால் முதலில் எச்சரிக்க வேண்டும், அப்போது மனுவை மீளப்பெற்றுக்கொண்டு பழைய தண்டனையோடு போகலாம்.

“விசாவைப் பற்றியும் சொல்லலாம்தானே?” என்று நான் கேட்டேன்.

இதுதான் எங்களைத் தின்றுகொண்டிருந்தது, அங்கிள். நானும் அம்மாவும் குடியுரிமை எடுத்துவிட்டோம். அண்ணா மட்டும் எடுக்கவில்லை. விடியற்காலை பாண், பின்னேரம் களஞ்சிய வேலை. என் படிப்பு முடியட்டும், பிறகு பாப்பம் என்று தள்ளிப்போட்டார். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால், குடியுரிமை இல்லாதவரின் விசாவைப் பறிக்க அரசாங்கத்துக்கு வழி உண்டு. சிறைக்குள் போகாத தண்டனையாக இருந்தாலும் மாதக் கணக்கு அதே கணக்குத்தான். அண்ணாவை எங்கே திருப்பி அனுப்புவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வருடங்களில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தமிழருக்கு என்ன நடந்தது என்றும் தெரியும்.

சட்டத்தரணி இல்லையென்று தலையை ஆட்டினார். இங்கே நீதிபதி விசாவுக்காகத் தண்டனையைக் குறைக்கக் கூடாது, அது அரசாங்கத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலையல்ல என்றார். எங்களுக்கு உயிர்போகும் விஷயம் எதுவோ, அதை அந்த அறையில் வாய்திறந்து சொல்ல முடியாது. அண்ணா செய்த காரியத்தையும் அவரையும் மட்டும் வைத்துத்தான் பேச வேண்டும். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். காயப்பட்ட மனிதரிடம் யாரும் போகக் கூடாது, பழம், பரிசுப் பை, சமாதானம் பேசப் பெரியவர்கள் எதுவும் வேண்டாம். எங்கள் ஆட்களைப் பற்றி அவருக்கு முன்பே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் போகவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். கதவைத் திறந்தால் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறீர்கள். உங்களோடு தைல வாசனையும் உள்ளே வந்தது.

“பிள்ளை, லிஃப்ட் இல்லாத வீடு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல” என்றீர்கள்.

அம்மா குசினி வாசலில் கையில் கரண்டியோடு நின்றார். கைகூப்புவதா, அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சின்னக் கதிரையை இழுத்து வைத்தார்.

“உது வேண்டாம் தங்கச்சி. இருந்தா எழும்ப ஏலாது. உயரமானது இருந்தாத் தாங்கோ.”

“அங்கிள், உங்களோட கதைக்கக் கூடாது எண்டு லோயர் சொன்னவ” என்றேன்.

“அப்ப நீங்கள் கதைக்காதேங்கோ. நான் கதைக்கிறன்.” உயரமான கதிரையில் காலை நீட்டி இருந்துகொண்டு சுற்றிப் பார்த்தீர்கள். “தம்பி எங்க?”

அண்ணா அறைக்குள் இருந்தார். கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. என் கண் அந்தப் பக்கம் போனது. நீங்களும் பார்த்தீர்கள்.

“நான் மன்னிச்சுப் போட்டன் எண்டு எழுதித் தந்தா விடுவினமோ?”

“இல்லை அங்கிள். வழக்கு நீங்கள் போட்டதில்லை. மகாராணி போட்டது.”

“எந்த மகாராணி?”

“இங்கிலாந்து மகாராணி. பெரிய குற்ற வழக்கெல்லாம் அவவின்ர பேரிலதான் நடக்கிறது.”

நீங்கள் காலைப் பார்த்தீர்கள். “முறிஞ்சது என்ர காலல்லோ. அவ எப்ப ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வந்தவ?”

அம்மா சிரித்துவிட்டார். கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு. அந்த வீட்டில் பல மாதங்களாகக் கேட்காத சத்தம் அது.

சட்டத்தரணி எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொன்னேன். குற்றம் ஒரு ஆளுக்கு எதிராக மட்டும் நடந்ததாக இந்தச் சட்டம் பார்க்காது. அந்த வீதியைக் கடக்கிற எல்லோருக்கும் எதிராக நடந்ததாகப் பார்க்கும். நீங்கள் மன்னித்ததை நீதிபதி கேட்டுக்கொள்வார், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க மாட்டார். நீங்கள் ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்து வைத்தீர்கள்.

“சரிதான். நான் சண்டைக்காரனெண்டாத் தம்பிக்குக் கூடவும், நல்ல மனுசனெண்டாக் குறையவும் குடுக்க ஏலாதுதானே. அது என்ர குணத்துக்குக் குடுக்கிற தண்டனையாப் போயிடும்.”

பல மாதங்கள் கழித்து விரிவுரையாளர் ஒருவர் ஒரு மணி நேரம் எடுத்து விளக்கியதை நீங்கள் தேத்தண்ணி வரமுன் சொல்லிவிட்டீர்கள். மன்னாரில் துணிக்கடை வைத்திருந்தவர் நீங்கள். ஒரே சீலையை முகம் பார்த்து விலை கூட்டியும் குறைத்தும் வித்தது பிழையென்று பிற்காலத்தில் விளங்கியது என்று, தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னீர்கள். அதையும் சிரித்துக்கொண்டே.

பிறகு அந்தக் கடிதங்களைக் கேட்டீர்கள். “அண்டைக்கு அந்த நீதவான் அம்மா கையில வச்சிருந்த கட்டு. என்ன எழுதினவை?”

காட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை. திறந்த நீதிமன்றத்தில் கொடுத்ததுதானே என்று அம்மா பிரதிகளை எடுத்து நீட்டிவிட்டார். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தை உதடு அசைய வாசித்தீர்கள். ஒவ்வொன்றையும் வாசித்து மடியில் கவிழ்த்து வைத்தீர்கள்.

“இந்தப் பிள்ளை ஒழுக்கமான பிள்ளை. குடிக்க மாட்டார். நல்லது.” அடுத்தது. “தேர்த் திருவிழாவில தண்ணீர்ப் பந்தல் போட்டவர். அதுவும் நல்லது.” அடுத்தது. அங்கே நின்றீர்கள். “‘அந்த வயோதிபர் கறுப்புச் சட்டை அணிந்திருந்ததாக அறிகிறோம்.’ ஆர் இவர்? துணிக்கடைக்காரனுக்கு நிறம் சொல்லித் தாறார். அது நேவி புளூ.”

கடைசிக் கடிதத்தையும் கவிழ்த்து வைத்தபோது நீங்கள் சிரிக்கவில்லை.

“எல்லாரும் தம்பியைப் பற்றி நல்லா எழுதியிருக்கினம். இதில என்ர கால் எங்க, பிள்ளை?”

நான் உங்கள் மடியிலிருந்த கடிதங்களைப் பார்த்தேன்.

“அதை எழுதினாப் பிள்ளைக்குத்தானே கூடாது” என்றார் அம்மா மெதுவாக. “நாங்களே எங்கட வாயால...”

“தங்கச்சி, எங்கட கத்தோலிக்கக் கோயிலில பாவசங்கீர்த்தனம் எண்டு, சுவாமியாரிட்டப் பாவத்தைச் சொல்லுறது ஒண்டு இருக்கு. பாவத்தைச் சொல்லாமல், சுவாமி நான் நல்ல பிள்ளை, தண்ணீர்ப் பந்தல் போட்டனான் எண்டு சொன்னா, சுவாமி எழும்பிப் போயிடுவார்.” ஊன்றுகோலால் காலை மெல்லத் தட்டினீர்கள். “எனக்கு இப்ப பூசையில முழங்காலில இருக்க ஏலாது. அறுபது வயசு வரைக்கும் இருந்தனான். எல்லாரும் முழங்காலில நிக்கேக்க நான் மட்டும் கதிரையில, கலியாண மாப்பிள்ளை மாதிரி. அது ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பினம்.”

கீழே உங்கள் மகள் காரிலிருந்து ஹோர்ன் அடித்தார். அவர் மேலே வரவில்லை. வர மாட்டார் என்று எனக்குத் தெரியும், அவர் இடத்தில் நானும் வந்திருக்க மாட்டேன். “போட்டு வாறன்” என்று நீங்கள் கதவின் விரல் அளவு இடைவெளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினீர்கள்.

அண்ணா வெளியே வந்து நீங்கள் இருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “முழங்காலில இருக்க ஏலாதாம்” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நடந்ததை மறைக்காமல் சட்டத்தரணிக்குச் சொன்னேன். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். காலைப் பற்றி நீங்கள் கேட்டதைச் சொன்னபோது பேனையைக் கீழே வைத்தார். அதுதான் முழு வழக்கும் என்றார். நற்சான்று எழுதுபவர், இவர் என்ன செய்தார் என்று தனக்குத் தெரியும் என்று முதலில் எழுத வேண்டும். அது தெரிந்தும் இவரை நம்புகிறேன் என்று எழுதினால்தான் அந்த நம்பிக்கைக்கு எடை. தெரியாமல் புகழ்வது வேறு யாரையோ புகழ்வது போல. வழக்கு முடியும்வரை உங்களை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

நான் திரும்பவும் வீடு வீடாகப் போனேன். மணி அடித்துவிட்டு, யாரும் திறக்காவிட்டால் நல்லது என்று நினைக்கிற ஆள் நான். கோயில் சபைக்காரர் என்னை வரவேற்பறையில் இருத்திவைத்துவிட்டு, “எழுத்தில போடலாமோ பிள்ளை? ஒரு மனுசனைக் காலை முறிச்சவர் எண்டு? நாளைக்கு உமக்குச் சம்பந்தம் பேசேக்க இது நிக்கும்” என்றார். கெட்ட மனிதர் அல்ல. எங்களைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒருவரின் பிழையைப் பெயர் சொல்லி எழுதுவது அவரைக் கைவிடுவது மாதிரி.

எழுதியவர்கள் சிலர்தான். தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் அழுதுகொண்டே எழுதினார். நான் எதிர்பார்க்காதவர் பேக்கரி முதலாளி. அவர் நெடுநேரம் மாவு படிந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அழைச்சது நான்தானே” என்றார். “எடுக்காட்டி நான் ஏசுவன் எண்டு அவருக்குத் தெரியும்.” அவர் கடிதத்தில் அதுவும் இருந்தது. ஓட்டும்போது எடுத்தது அவர் பிழை, ஓட்டுவார் என்று தெரிந்தும் அழைத்தது என் பழக்கம் என்று எழுதினார்.

என் கடிதத்தை நான் ரயிலில் எழுதினேன். ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் ஒரே வரிதான். ‘என் சகோதரர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வாகனம் ஓட்டி, வீதியைக் கடந்த ஒரு மனிதரின் காலை முறித்தார்.’ எழுதி முடித்தபோது பக்கத்தில் இருந்தவர் வாசித்துவிடுவாரோ என்று கையால் மறைத்தேன். அடுத்த வரியில் என்னைப் படிக்கவைக்க அண்ணா விட்ட படிப்பைப் பற்றி எழுதினேன். முதல் வரி இருந்ததால் இரண்டாவது வரி பொய் போல இருக்கவில்லை.

மேன்முறையீட்டு நாளில் நீங்கள் மறுபடியும் கடைசி வரிசையில் இருந்தீர்கள். கதவுக்கு வெளியே ஒட்டியிருந்த பட்டியலில் அண்ணாவின் பெயர் முன்னுக்கும் மகாராணி பின்னுக்கும் இருந்ததைக் கவனித்தேன். இந்தமுறை முறையிட்டது நாங்கள். தண்டனையைப் பிடித்துவைத்திருந்தவர் மகாராணி.

அண்ணா சாட்சிக் கூண்டில் ஏறினார். முதல் வழக்கில் அவர் வாயே திறக்கவில்லை. எங்கள் சட்டத்தரணி என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். அண்ணா உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். நான் பார்த்தேன். ஃபோனைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை. அவர் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் கத்தோலிக்கர். இப்போது அவரால் கோயிலில் முழங்காலில் இருக்க முடியாது. அது என்னால்.

அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். இளைஞர், கடுமையானவர் அல்ல. “இதையெல்லாம் நீங்கள் நீதவானிடம் சொல்லவில்லையே. சிறை என்றால் என்னவென்று தெரிந்த பிறகுதான் சொல்கிறீர்கள், இல்லையா?”

அம்மா என் கையைப் பிடித்தார். நீதிபதி கூட்டப்போவதாக எச்சரித்தால் இப்போதுதான் எச்சரிப்பார் என்று எனக்குத் தோன்றியது. நான் அவர் வாயையே பார்த்தேன்.

“ஆம்” என்றார் அண்ணா. “அப்போது நான் என்னைப் பற்றித்தான் யோசித்தேன். என் வேலை, என் அம்மா, என் தங்கை. அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம்.”

இளைஞர் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார். நீதவான் தன் முன்னால் இருந்ததை வைத்துச் செய்தது பிழையென்று தான் சொல்லவில்லை என்றார். வீதியில் கண் வைக்காமல் ஓட்டுவது சின்ன விஷயம் அல்ல, இப்படியான வழக்குகளில் சிறைதான் பெரும்பாலும் வழமை என்றார். அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது. ஆனால் இன்று தன் முன்னால் இருப்பவை வேறு என்றார். இந்தக் கடிதங்கள் குறைவு, ஆனால் எழுதியவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரிகிறது. இந்த மனிதருக்கும் தெரிகிறது. திருந்துவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் எதுவென்று தனக்குத் தெரியவில்லை என்றார். பத்து மாதம். அதுவும் ஒத்திவைக்கப்பட்ட சிறை. நன்னடத்தையோடு வெளியே இருக்கலாம், மீறினால் உள்ளே. ஓட்டுநர் உரிமம் இல்லை.

விசா என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை. பத்து என்று அவர் சொன்னபோது நான் மட்டும் அதைப் பன்னிரண்டிலிருந்து மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.

வெளியே நடைபாதையில் அண்ணா உங்களிடம் வந்து நின்றார். கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கின. நீங்கள் அவரை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

“ராணி தோத்துப் போனாவோ தம்பி?”

“இல்லை அங்கிள். பாதிக்குப் பாதி.”

“அவவுக்கும் வயசு போயிட்டுதுதானே.” பிறகு, “உமக்கு இப்ப வாகனம் இல்லை. எனக்குக் கால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலமை ரெண்டு பேரும் நடப்பம், என்ன?” என்றீர்கள்.

உங்கள் மகள் லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு எங்களைப் பாராமல் நின்றார்.

நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னதாக அண்ணா நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறு உங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். வாரா வாரம் உங்களோடு தேவாலயம் வரை நடந்து, பூசை முடியும்வரை வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, திரும்பக் கூட்டி வந்தார். வேகமாக நடக்கிறவர் அவர். உங்களோடு நடந்து நடந்து மெதுவாகிவிட்டார். அவர் விசாவைப் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை. வரக்கூடாது என்று அம்மா வேண்டுவதை உங்களிடம் சொன்னபோது, உங்கள் சாமியிடமும் சொல்லி வைப்பதாகச் சொன்னீர்கள். இந்த வருடம் அண்ணா குடியுரிமைக்கான சோதனைப் புத்தகத்தை வாங்கியிருக்கிறார். நன்னடத்தைக் காலம் முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம். என்றாலும் இரவில் அதிலிருந்து கேள்வி கேட்கச் சொல்லி என்னை ஆய்க்கினைப்படுத்துகிறார்.

நீங்கள் போனது காலால் அல்ல, இதயத்தால். நித்திரையில். உங்கள் மகள் அழைத்தபோது முதலில் அண்ணாவின் பெயரைச் சொல்லி, அவர் வீட்டில் இருக்கிறாரா, அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். அவர் வாயில் அண்ணாவின் பெயரை நான் கேட்டது அன்றுதான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் சாப்பாடு. உங்கள் மகள் என்னிடம் வந்தார். “அப்பாவைப் பற்றி நீரும் ரெண்டு வார்த்தை சொல்லும். அவருக்கு உம்மில விருப்பம்.” எழும்பி நின்றேன். உங்கள் சொந்தக்காரர், மன்னார் ஆட்கள், பேக்கரி முதலாளி, எங்கள் கோயில் சபைக்காரர்கூட இருந்தார். இவள் யார், இவர்களுக்கு என்ன சொந்தம் என்று பாதிப் பேர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. குடும்ப நண்பர் என்று தொடங்கியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“என் அண்ணா இவரை வாகனத்தால் இடித்துக் காலை முறித்தவர்” என்றேன். “அப்படித்தான் எங்களுக்கு அங்கிளைத் தெரியும்.”

கரண்டிகளின் சத்தம் நின்றது. கோயில் சபைக்காரர் மேசையைப் பார்த்தார். உங்கள் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் கோபம் இல்லை. மூன்றாவது வரிசையில் அண்ணா தலையைக் குனியவில்லை.

அதற்குப் பிறகு, அங்கிள், உங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.